பத்து ரூபாய் ஸ்டாம்பும் எம் புத்தகமும்

தகவல் பெறும் உரிமைச் சட்டம் தொடர்பாக மதுரை மாவட்ட வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் சாலை ஆறே மாதத்தில் வெடித்துவிட்டது. "தரமில்லாமல் போட்டது ஏன்? யார் பொறுப்பு?" என்று மனுப் போட்டேன். "கேள்வி வடிவில் உள்ளது, தகவல் ஆகாது" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அப்படிச் சொல்லலாமா? – வாசகர், மதுரை

எரிச்சலான பதில்தான், ஆனால் சட்டப்படி தப்பில்லை. பிரிவு 2(எஃப்) சொல்லும் 'தகவல்' அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணம். 'ஏன்' என்பதற்கு எந்தக் கோப்பிலும் பக்கம் இருக்காது. அந்தச் சாலைக்கு என்னென்ன காகிதம் உண்டோ, அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, பணி ஆணை, ஒப்பந்தம், எம் புத்தகத்தில் அந்த வேலைக்கான பக்கங்கள், கான்கிரீட் கியூப் சோதனை (கான்கிரீட்டைக் கனசதுரக் கட்டியாக வார்த்து அழுத்திப் பார்க்கும் சோதனை) அறிக்கை, பில் கொடுத்த தேதியும் தொகையும். தெருப் பெயர், வார்டு எண், எங்கிருந்து எதுவரை, வேலை நடந்த மாதம், ஆண்டு எல்லாம் இருக்கட்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் "விவரம் தெளிவாக இல்லை" என்று திருப்பிவிட வழி கிடைத்துவிடும்.

இவற்றில் உயிர்நாடி எம் புத்தகம், அதாவது அளவுப் புத்தகம். முடிந்த வேலையைப் பொறியாளர் அளந்து நீளம், அகலம், கனம் எழுதுவது இதில்தான். அதை வைத்துத்தான் பில் போகும். உதாரணத்துக்கு, 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எழுதியிருந்தால் 45 கன மீட்டர் கான்கிரீட்டுக்குப் பணம் போயிருக்கிறது. வெடித்த ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். சாலை நெடுக 10 சென்டிமீட்டர்தான் என்றால் உள்ளே இருப்பது 30 கன மீட்டர். மீதி 15 எங்கே என்பதை அதற்குப் பிறகு புகாராக எழுதலாம். அப்போது அது வெறும் ஆதங்கமாக இருக்காது, கணக்காக இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு எழுதாதீர்கள். நாலைந்து இடத்தில் அளந்து, ஸ்கேல் தெரியப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கியூப் அறிக்கையில், வார்த்த 28-ஆம் நாள் வலிமையைப் பாருங்கள். எம்-20 தரக் கான்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எவ்வளவு என்பதையும், ஒப்பந்ததாரரிடம் பிடித்து வைத்த தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா என்பதற்கான பதிவையும் சேர்த்துக் கேளுங்கள். அந்தக் காலத்துக்குள் வெடித்திருந்தால் அவர் செலவிலேயே சரிசெய்ய வேண்டும்.

மொத்தக் கோப்பையும் நகல் கேட்பதைவிட, பிரிவு 2(ஜே)-யின்படி நேரில் பார்வையிட அனுமதி கேட்பது நல்லது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. பார்த்து, வேண்டிய பக்க எண்களைக் குறித்துக்கொண்டு அதற்கு மட்டும் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி நகல் வாங்கலாம். பயன்படுத்திய பொருளின் சான்றளித்த மாதிரி கேட்கவும் அதே பிரிவில் இடமுண்டு. பலருக்கும் இது தெரிவதில்லை.

கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு அனுப்பிய மனு திரும்பி வந்துவிட்டது. – வாசகி, உசிலம்பட்டி

தாலுகா அலுவலகம், ஊராட்சி ஒன்றியம், மின்வாரியம், மாநகராட்சி போன்ற மாநில அலுவலகங்களுக்குத்தான் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் செல்லும். ரயில்வே, பாஸ்போர்ட், தபால் துறை போன்ற மத்திய அலுவலகங்களுக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கி, 'கணக்கு அலுவலர்' பெயருக்கு எடுங்கள். இணையவழியிலும் கட்டலாம். ரெவின்யூ ஸ்டாம்ப், தபால்தலை இரண்டும் எங்கேயும் செல்லாது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை, சான்றின் நகலை இணைத்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் கடமை.

பதில் தர அலுவலகத்துக்கு உள்ள முப்பது நாள் கெடுவை எப்படிக் கணக்குப் போடுவது? – வாசகர், மேலூர்

நீங்கள் தபாலில் போட்ட நாள் கணக்கில்லை, அலுவலகத்தில் சேர்ந்த நாள்தான் கணக்கு. ஜூன் 3-இல் சேர்ந்திருந்தால் ஜூலை 3 கெடு. பதிலே வராவிட்டால் ஆகஸ்ட் 2-க்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், கட்டணம் இல்லை. அவருக்கு 30 நாள், காரணம் எழுதினால் 45 நாள். அதன்பின் 90 நாளுக்குள், மாநில அலுவலகம் என்றால், சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு.

பலர் கோட்டை விடுவது இடையில் வரும் கட்டணக் கடிதத்தில். 42 பக்கத்துக்கு 84 ரூபாய் கட்டுங்கள் என்று பத்தாம் நாள் கடிதம் அனுப்பினால், நீங்கள் கட்டும் வரை நாள் ஓடாது. கடிதத்தை வாங்காமல் விட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். கெடு தாண்டிய பிறகு தரும் தகவலுக்கோ, பிரிவு 7(6)-இன்படி, ஒரு பைசாகூடக் கேட்கக் கூடாது. ஸ்பீடு போஸ்ட் ரசீதோடு, சேர்ந்த தேதி காட்டும் பிரின்ட்டையும் எடுத்து வையுங்கள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்று பொதுத் தகவல் அலுவலர் கையிலிருந்தே ஆணையம் வசூலிக்க முடியும். தேதிக்கு ஆதாரம் இல்லையென்றால் அந்தப் பேச்சே எழாது.

"எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்று எழுதிக் கேட்கிறார்கள். – வாசகர், வாடிப்பட்டி

சொல்ல வேண்டியதில்லை: பிரிவு 6(2). 2014-இல் சென்னை உயர் நீதிமன்றமே காரணம் வேண்டும் என்று ஒரு தீர்ப்பில் எழுதிவிட்டு, சில நாட்களிலேயே அந்த வரிகளைத் தானே நீக்கிக்கொண்டது.

வீடு கட்டும் திட்டத்தில் யார் யாருக்குப் பணம் போனது என்று கேட்டால் 'தனிநபர் விவரம்' என்கிறார்கள். – வாசகி, டி.கல்லுப்பட்டி

இந்தப் பதில் இனி அதிகம் வரும். தனிநபர் விவரங்களைத் தர மறுக்க இடம் தரும் பிரிவு 8(1)(ஜே), தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக 2025 நவம்பரில் திருத்தப்பட்டது. முன்பு அதற்குள்ளேயே இருந்த 'பொதுநலன்' விலக்கு இப்போது இல்லை. ஆனால் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. தீங்கைவிடப் பொதுநலன் பெரிதென்றால் தரலாம். அதைவிடக் கெட்டியான பிடி பிரிவு 4(1)(பி)-யின் 12-ஆவது இனம். மானியத் திட்டங்களில் ஒதுக்கிய தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் யாரும் கேட்காமலே அலுவலகம் வெளியிட வேண்டும் என்கிறது அது. மேல்முறையீட்டில் இந்த இரண்டையும் எண்ணோடு குறிப்பிடுங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைபேசி எண் வேண்டாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். பெயர், ஊராட்சி, தொகை, தவணை தேதி போதும்.

மனுப் போடாமலே ஊராட்சிக் கணக்கைப் பார்க்க முடியாதா? – வாசகர், அலங்காநல்லூர்

கிராம சபையில் பார்க்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வரவு செலவுச் சுருக்கம் 'படிவம் 30' என்ற பெயரில் இருக்கும். அதைக் கேட்டு, வாசிக்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மேலே தீர்மானப் பகுதி வெறுமையாக இருந்தால், எழுதச் சொல்லிவிட்டு அப்புறம் போடுங்கள்.