பழைய கோயிலில் கல்யாணம்: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: நாங்கள் இருவருமே கத்தோலிக்கர்கள். எங்கள் பங்குக் கோயில் புதிதாகக் கட்டியது, மண்டபம் மாதிரி இருக்கும். வண்ணக் கண்ணாடி ஜன்னல், மரப் பீடம், உயர்ந்த கூரை என்று பழமையான ஒரு கோயிலில் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. கல்யாண ஏற்பாட்டாளர் ஒருவர் அழகான சிற்றாலயம் ஒன்றின் படங்களை அனுப்பியிருக்கிறார். அலங்காரம், போட்டோ எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாம். இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் அவரிடம் இதைக் கேளுங்கள்: அந்தச் சிற்றாலயம் எந்தப் பங்கை, அதாவது எந்தப் பங்குத் தந்தையின் பொறுப்பிலுள்ள பகுதியைச் சேர்ந்தது? அங்கே இன்றும் பூசை நடக்கிறதா? நேரடியாகப் பதில் சொல்லாமல் அலங்காரத்தைப் பற்றியே பேசினால் உஷாராகிவிடுங்கள்.

பழுதுபார்க்கவே முடியாத நிலை போன்ற தகுந்த காரணம் இருந்தால் ஒரு கோயிலை வழிபாட்டிலிருந்து விலக்கி வேறு உபயோகத்துக்கு விட ஆயருக்கு (பிஷப்) அதிகாரம் உண்டு (திருச்சபைச் சட்டம் 1222). அப்படிக் கைமாறிய கட்டடங்களில் ஜன்னலும் கூரையும் அப்படியே இருக்கும், கோயில்தான் இருக்காது. படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மறைமாவட்ட (ஆயரின் ஆட்சிப் பகுதி) அலுவலகத்துக்கு ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும்.

கத்தோலிக்கர் திருமணம் பங்குக் கோயிலில் நடக்க வேண்டும் என்பதே விதி. வேறு கோயில் என்றால் பங்குத் தந்தையின் அனுமதியோ ஆயரின் அனுமதியோ வேண்டும். கோயிலே அல்லாத இடம் என்றால் ஆயர் தரப்பு அனுமதித்தால்தான் உண்டு (1118). இடத்தைவிட முக்கியம், நடத்திவைப்பவர். அந்த எல்லைக்குரிய ஆயரோ பங்குத் தந்தையோ அவர்கள் அதிகாரம் கொடுத்த குருவோ திருத்தொண்டரோ, கூடவே இரண்டு சாட்சிகளோ இல்லாமல் நடந்தால், விதிவிலக்கான சில சூழ்நிலைகள் தவிர, திருச்சபை அதைத் திருமணமாகவே ஏற்காது (1108). உங்கள் குடும்பத்துக்கு வேண்டிய சாமியாரை அழைத்து வருவதானாலும் அந்தக் கோயிலின் பங்குத் தந்தை அவருக்கு அதிகாரம் கொடுத்தாக வேண்டும். சாமியார்தானே என்று பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஆகவே தேடலை உங்கள் பங்குத் தந்தையிடம் ஆரம்பியுங்கள். கான்கிரீட் கோயில் பிடிக்கவில்லை என்று அவரிடம் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இந்தக் கோரிக்கை அவருக்குப் புதிதாக இருக்காது. பெரும்பாலும் காகித வேலை உங்கள் பங்கில் முடிந்து, அனுமதிக் கடிதத்தோடு அந்தக் கோயிலுக்குப் போகும். திருமணத் தயாரிப்பு வகுப்பு, ஓலை வாசிப்பு (கோயிலில் திருமண அறிவிப்பு) எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும் என்பதால், குறைந்தது ஆறு மாதம் முன்பே வரச் சொல்லும் பங்குகள் நிறைய. ஞானஸ்நானச் சான்றிதழ் பீரோவில் இருக்கிறது என்று நினைத்திருந்தால், அது உதவாது. திருமணம் நடந்ததும் அதை ஞானஸ்நானப் பதிவேட்டிலும் குறிப்பார்கள். ஏற்கெனவே திருமணம் ஆகியிருக்கிறதா என்பது புதிதாக எடுத்த பிரதியில்தான் தெரியும்.

அழகான கோயில்களுக்கு எல்லாருமே ஆசைப்படுவதால், சில பங்குகள் வெளியாருக்கு இடம் கொடுப்பதில்லை. நேரில் போய் மனதைப் பறிகொடுக்கும் முன் போனில் கேட்டுவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். திருமணம் ஒரு திருவருட்சாதனம் (புனிதச் சடங்கு), அதற்கு விலை கிடையாது. திருச்சபை அதிகாரிகள் நிர்ணயித்த காணிக்கைக்கு மேல் குரு கேட்கக்கூடாது, ஏழ்மையைக் காரணம் காட்டி யாரையும் திருப்பி அனுப்பவும் கூடாது (848). ஆனால் விளக்கு, துப்புரவு, ஆர்கன் வாசிப்பவர், பாடகர் குழு போன்ற செலவுகள் உண்டு. எது கட்டாயம், எது விருப்பம் என்று எழுதி வாங்குங்கள். சில கோயில்களில் அவர்கள் பாடகர் குழுவைத்தான் வைக்க வேண்டும் என்பார்கள். ஏற்பாட்டாளர் எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொன்னால் கோயிலுக்குப் போவது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள், அந்தப் பகுதியைக் கோயில் அலுவலகத்திலேயே கட்டி ரசீது வாங்குங்கள்.

அப்புறம், கல்யாணம் நடக்கப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். பீடத்துக்குப் பின்னால் பெரிய ஜன்னல் இருந்து அந்த நேரம் வெயில் அதன் வழியாக விழுந்தால், எதிரே நிற்கும் கேமராவுக்கு நீங்கள் இரண்டு கறுப்பு உருவங்கள்தான். ஒருவர் பீடத்தருகே சாதாரணக் குரலில் வாக்குறுதியைச் சொல்ல, இன்னொருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேளுங்கள். உயர்ந்த கூரையில் குரல் எதிரொலித்துக் குழம்பினால், நல்ல மைக் இருக்கிறதா என்று விசாரியுங்கள். நடைபாதையில் இருவரும் அருகருகே நடந்து பாருங்கள், பழைய கோயில்களில் சில மிகக் குறுகல். சக்கர நாற்காலியில் வரும் பெரியவர்கள் இருந்தால் வாசல் படியையும் எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் தேதியில் பழுதுபார்க்கும் வேலை ஏதாவது இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பழைய கட்டடத்தில் சாரம் கட்டினால் சீக்கிரம் அவிழ்க்க மாட்டார்கள்.

கேள்வி: தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம்) அந்தக் கோயில் காலியாக இருக்கிறதாம். தேதியைப் பிடித்துவிடலாமா?

பதில்: சட்டப்படி தடை இல்லை. ஆனால் பல பங்குகள் தவிர்க்கச் சொல்லும். தவக்காலத்தில் நான்காம் ஞாயிறு, பெருவிழா, விழா நாட்கள் தவிர பீடத்தில் பூ வைக்கக்கூடாது. பூ அலங்காரத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு இது தெரியவந்தால் வருத்தம்தான். பெரிய வெள்ளியும் புனித சனியும் திருமணத்துக்கு அறவே ஆகாது.

கேள்வி: பழைய லத்தீன் முறையிலேயே திருமணப் பூசை வேண்டும் என்கிறார் என் வருங்கால மாமனார். பழைய கோயில் என்றால் அதுவும் கிடைக்குமா?

பதில்: கட்டடம் பழையது என்பதால் கிடைக்காது. 2021 ஜூலையில் போப் பிரான்சிஸ் வெளியிட்ட ஆணைக்குப் பிறகு அந்தப் பூசைக்கு ஆயரின் அனுமதி வேண்டும், எல்லா மறைமாவட்டத்திலும் கிடைப்பதில்லை. ஆனால் இப்போதுள்ள முறைப் பூசையையே லத்தீனில் வைக்கலாம், லத்தீன் பாடல்களும் பாடலாம். மாமனாருக்கு இது போதுமா என்று முதலில் கேட்டுவிட்டு, பிறகு பங்குத் தந்தையிடம் பேசுங்கள்.