காரைக்குடி மாதிரி ஊரில் கலை நிகழ்ச்சி நடத்தி நல்ல காரியத்துக்குப் பணம் திரட்ட முடியுமா?

கேள்வி கேட்டவர் தேவகோட்டைக்காரர், பெங்களூரில் வேலை பார்க்கிறார். மும்பையில் காலா கோடா இருப்பதுபோல, கலைக்கென்று ஒரு தெரு, அதில் வருடத்துக்கு ஒரு விழா, வரும் பணம் நல்ல காரியத்துக்கு என்று செட்டிநாட்டிலும் செய்ய முடியுமா, டிக்கெட் போட்டால் ஆள் வருமா என்று கேட்டிருக்கிறார்.

முடியும். ஆனால் டிக்கெட் போட்டால் வர மாட்டார்கள். இரண்டுமே நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

காரைக்குடியில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். கோயில் திருவிழா, நாடகம், பட்டிமன்றம் என்று இருபது வருடமாக நோட்டீஸ் அடித்துக் கொடுக்கிறேன். இங்கே எந்த நிகழ்ச்சி எப்படி நடக்கிறது, யார் செலவைத் தாங்குகிறார்கள் என்பது நோட்டீஸின் அடியில் இருக்கும் உபயதாரர் பெயர்களிலேயே தெரிந்துவிடும்.

முதலில் தோற்ற கதை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்ததை நேரில் போய்ப் பார்த்தோம். ஏதாவது செய்ய வேண்டும் என்று நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து, அடுத்த பிப்ரவரியில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, 300 ரூபாய் டிக்கெட் போட்டு ஒரு கலை இரவு நடத்தினோம். 214 டிக்கெட் விற்றது, வந்த பணம் 64,200 ரூபாய். மண்டப வாடகை, மைக் செட், சாப்பாடு, பந்தல் எல்லாம் போக மிச்சம் 9,350. அதையும் ஒரு அமைப்பிடம் கொடுத்தோம். என்ன செய்தார்கள் என்று நாலு முறை கேட்டும் கணக்கு வரவில்லை.

அதைவிட என்னை வாட்டியது வேறு. நிவாரணத்துக்காக என்பதால் கலைஞர்கள் யாரும் பணம் வாங்கவில்லை. மண்டபக்காரருக்குக் கொடுத்தோம், மைக் செட்டுக்குக் கொடுத்தோம், சமையல்காரருக்குக் கொடுத்தோம். ஆடியவர்களுக்கும் பாடியவர்களுக்கும் மட்டும் ஒரு துண்டு போர்த்தி அனுப்பினோம். எல்லாம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஆர்மோனியக்காரர் என்னைத் தனியாக அழைத்து, "தம்பி, புதுக்கோட்டைக்குப் பஸ்ஸுக்கு மட்டும் ஏதாச்சும் இருக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த வேலைக்காரரிடமும் இலவசமாகச் செய்யுங்கள் என்று கேட்காத நாங்கள், கையில் பணமே தங்காத அவர்களிடம் மட்டும் கேட்டிருக்கிறோம்.

அப்புறம் கொரோனா வந்தது. எங்கள் பக்கத்து நாடகக் கலைஞர்களுக்கு மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும்தான் பிழைப்பு. கோயில் திருவிழாக்கள் அப்போதுதான் நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் யாரும் மேடை போட மாட்டார்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் அந்த வருடப் பிழைப்பு அப்படியே போயிற்று. 2021-ல் ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாவது அலை வந்து அடுத்த வருடத்தையும் கொண்டுபோனது. ராஜபார்ட், அதாவது நாயகன் வேஷம், போட்டவர் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனதையும், நாயகி வேஷம் போடும் ஸ்திரீபார்ட் அம்மா ஒருவர் நகையை அடகு வைத்து மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டியதையும் கண்ணால் பார்த்தேன். இந்த முறை செய்தால் இவர்களின் பிள்ளைகளுக்காகச் செய்ய வேண்டும், இவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தோம்.

இடத்துக்குத்தான் அதிகம் அலைந்தோம். மண்டபம் வேண்டாம், பழைய வீடு ஒன்றின் முகப்பும் வளவும், அதாவது உள்முற்றமும், கிடைத்தால் போதும் என்று நினைத்தோம். செட்டிநாட்டு வீடு ஒருவருக்குச் சொந்தமாக இருக்காது. நாங்கள் கேட்ட வீட்டுக்கு எட்டுப் புள்ளி, அதாவது எட்டுப் பங்காளிகள். இரண்டு பேர் சென்னை, ஒருவர் கோயம்புத்தூர், மூன்று பேர் சிங்கப்பூர், மலேசியா, மற்ற இருவர் உள்ளூர். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் மட்டும் திறக்கிற வீடு அது. எட்டுப் பேரும் சம்மதித்தால்தான் சாவி வெளியே வரும். இரண்டு மாதம் போனில் பேசினோம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, வீட்டுக்குள் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது, சாமி அறைப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள் சொன்னார்கள். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவர் அது. நூறு வருடம் கழித்தும் கை வைத்தால் குளிர்ச்சியாக, வழுவழுவென்று இருக்கும். நிபந்தனை சொல்லாமல் கொடுத்திருந்தால்தான் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

உள்ளூர்ப் பங்காளிகளில் ஒரு ஆச்சிக்கு எண்பது வயதுக்கு மேல். என்ன நாடகம் என்று கேட்டார்கள். வள்ளி திருமணம் என்றேன். "கல்யாணத்துக்கு யாராச்சும் டிக்கெட் போடுவாகளா தம்பி? மொய் நோட்டை வைங்க, எழுதிட்டுப் போறாக" என்றார்கள்.

எங்கள் ஏழு பேருக்கும் தோன்றாத யோசனை அது. பக்கத்தில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கமெல்லாம் ஆடி மாதம் மொய் விருந்து வைத்துப் பணம் திரட்டுவது எல்லாருக்கும் தெரிந்த பழக்கம். சாப்பிட்டுவிட்டு மொய் எழுதாமல் வருவது நம் மக்களுக்குக் கை கூசும். டிக்கெட் என்றால் 'இந்த நிகழ்ச்சிக்கு 300 தகுமா' என்று மனது கணக்குப் போடும். மொய் என்றால் தன் தகுதிக்கு எவ்வளவு என்று யோசிக்கும். ஒன்றை மட்டும் நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டேன்: இது திரும்பச் செய்ய வேண்டாத மொய்.

2022 ஆவணியில் ஒரு சனிக்கிழமை நடத்தினோம். நாடகத் தமிழுக்கு ஆசானான சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்து நூறு வருடம் ஆகும் ஆண்டு அது. வள்ளி திருமணமும் அவர் எழுதியதுதான். தெருவிலிருந்த கடைக்காரர்களிடம் முன்கூட்டியே மகமை கேட்டோம். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைத் தர்மத்துக்கென்று தனியே எழுதி வைப்பது இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிற வழக்கம் என்பதால் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கலைஞர் சம்பளம், மைக், சாப்பாடு எல்லாம் அந்த மகமைக்குள் அடங்கியது. மொய்யில் வரும் பணத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவுக்குப் போகாது என்று அப்போதே சொல்லிவிட்டோம். இந்தப் பிரிவினையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

மதியம் மூன்று மணிக்கு முகப்பில் ஆத்தங்குடிக் கல் செய்யும் மேஸ்திரி உட்கார்ந்தார். கண்ணாடியை வைத்து, அதன்மேல் தகர அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புவார். நெருப்பு, மின்சாரம் எதுவும் தேவையில்லை. அந்தப் பளபளப்பு முழுவதும் கண்ணாடியிலிருந்து வருவது. பிள்ளைகள் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்து ஒரு கல் ஊற்றினார்கள், அந்தப் பணம் முழுக்க மேஸ்திரிக்கு. கல்லை அன்றே எடுத்துப்போக முடியாது, சில நாள் தண்ணீரில் ஊற வேண்டும். அதனால் அடுத்த வாரம் பெற்றோர்கள் பட்டறைக்கே போனார்கள். திரும்பி வந்து இரண்டு பேர் தங்கள் வீட்டுத் தரைக்கே ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். திண்ணையில் ஓலைக் கொட்டான் முடைகிறவர்கள் இருந்தார்கள். பேரம் பேசக் கூடாது என்று அட்டையில் எழுதி வைத்தோம். கண்டாங்கித் தறியைத் தூக்கிவர முடியாதே, அதற்குப் பதிலாக நெசவாளர் வீட்டுக்கு இருபது இருபது பேராக அழைத்துப் போனோம்.

நாடகம்தான் எனக்கு நெஞ்சு நிறைந்த பகுதி. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகையே கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கி வந்து மேடையில்தான் சந்திப்பார்கள். விடிய விடிய நடப்பது வழக்கம். ஆனால் இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். வளவு திறந்த வெளிதானே. ஆறரை மணிக்குத் தொடங்கி 9.45-க்கு முடிக்க வேண்டும். எதை வெட்டுவது என்று அவர்களுக்குள்ளேயே பெரிய வாதம் நடந்தது. கடைசியில் பபூனும் டான்ஸ்காரம்மாவும் தங்கள் காட்சியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கிற தர்க்கத்தில் ஒரு வரிகூடக் குறைக்கக் கூடாது என்று அவர்களே சொன்னார்கள்.

எட்டு மணிக்கு மழை பிடித்தது. வளவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் தாழ்வாரத்தில் நெருக்கி ஏறிக்கொண்டார்கள். நடுவில் மழை கொட்ட, எதிர்ப்பக்கத் தாழ்வாரத்தில் நின்று வள்ளி பாடினார். மைக்கை நிறுத்திவிட்டோம், ஆனாலும் கேட்டது. அந்த வீட்டைக் கட்டியவர்கள் மழையையும் கூட்டத்தையும் சேர்த்தே நினைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

வாசலில் சந்தனம், குங்குமம், கற்கண்டு வைத்து, ஒருவர் எழுத, ஒருவர் எண்ண, மொய் நடந்தது. முதல் மொய் அந்த ஆச்சி. "பொண்ணு வீட்டுல எழுதிக்கங்க" என்று 1,001 வைத்தார்கள். அதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் மாப்பிள்ளை வீடா, பெண் வீடா என்று கேட்டுக் கேட்டு எழுத, நோட்டில் இரண்டு பத்தி போட வேண்டியதாயிற்று. 412 பேர் எழுதினார்கள், மொத்தம் 1,86,540 ரூபாய். 14 பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தை நேராகப் பள்ளியிலும் கல்லூரியிலும் கட்டி, ரசீது நகல்களை என் அச்சகச் சுவரில் ஒட்டினோம். பஸ் காசு கேட்ட அதே ஆர்மோனியக்காரரும் வாசித்தார். சம்பளக் கவரை நீட்டியதும், "எம் பிள்ளைக்குத்தானே கட்டுறீங்க, எனக்கு எதுக்குத் தம்பி?" என்றார். அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு என்று சொல்லிக் கையில் திணித்தோம்.

கலைத் தெரு பற்றிக் கேட்டிருந்தீர்கள். காரைக்குடி அதைப் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. இந்து மதாபிமான சங்கம் 1917-லேயே இங்கே தொடங்கியது, 1919-ல் பாரதியார் வந்து பேசிவிட்டுப் போனார். சா. கணேசன் 1939-ல் ஆரம்பித்த கம்பன் விழா இன்றும் நடக்கிறது. 1952-ல் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்ற கர்நாடக இசைக்காரர்கள் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் காரைக்குடி சாம்பசிவ ஐயரும். இரண்டு ஊருக்கும் நடுவே சைக்கிளில் போய்விடலாம். கொடையும் அப்படித்தான். இங்கே இருக்கும் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார்.

எனக்குக் கவலை தருவது முனீஸ்வரன் கோயில் தெரு. வெளியூர்க்காரர்கள் காரைக்குடியின் கலைத் தெரு என்று அதைத்தான் படம் எடுக்கிறார்கள். அங்கே விற்பனைக்கு நிற்கிற தேக்குத் தூணும் நிலையும் யாரோ ஒருவருடைய இடித்த வீட்டிலிருந்து வந்தவை. காலா கோடாவில் 1999-லிருந்து அனுமதிக் கட்டணம் இல்லாமல்தான் விழா நடக்கிறது. திரளும் நிதியில் அந்தப் பகுதியின் பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கிறார்கள். நாமும் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வீட்டில் விழா நடத்தினால் அந்த வீட்டின் உடைந்த ஓடுகளையாவது மாற்றிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஓடு ஒழுகத் தொடங்கினால் சில மழையில் உத்தரம் உளுத்துவிடும், அதற்கப்புறம் அந்தத் தூணும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குத்தான் வரும்.

பண விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. வரிச்சலுகைக்கு 80ஜி ரசீது கேட்பவர்கள் இருந்தால், அந்தப் பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாக வாங்குங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. அப்புறம், நம் சொந்தக்காரர்கள் பலர் சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை, அதற்குத் தனி அனுமதி வேண்டும். எங்களுக்கு வந்த அப்படிப்பட்ட இரண்டு தொகையை நன்றி சொல்லித் திருப்பி அனுப்பினோம்.

தேவகோட்டையில் செய்வதாக இருந்தால் முதலில் வீட்டைத் தேடாதீர்கள், கலைஞர்களைப் போய்ப் பாருங்கள். ஆவணி, புரட்டாசியில் தேதி கேளுங்கள், சம்பளத்தை அன்றே பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வாருங்கள். மாசி, பங்குனியில் மட்டும் கூப்பிடாதீர்கள், அது அவர்கள் சம்பாதிக்கிற மாதம். நோட்டீஸ் நான் அடித்துத் தருகிறேன்.