பரிசோதனையை யாரிடம் தொடங்க வேண்டும்?

கேள்வி: என் அண்ணன் மகனுக்கு என் மகளைக் கேட்கிறார்கள். அண்ணியும் எங்களுக்குச் சொந்தம்தான். மாப்பிள்ளை நல்ல ஆரோக்கியம். ஆனால் அவன் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ரத்த வகை வேறு, அதனால் பயமில்லை என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: ரத்த வகையை நம்ப வேண்டாம், அம்மா. அது ரத்தம் ஏற்றும்போது பார்க்கிற பொருத்தம். காது கேளாமையைக் கொண்டுவரும் மரபணுப் பழுது எந்த ரத்த வகையிலும் இருக்கும்.

ஒவ்வொரு மரபணுவும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டாக வருகிறது. இத்தகைய குறைகளில் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும்; அவரைச் சுமப்பவர் என்கிறோம். இரண்டும் பழுதானால்தான் குறை வெளியே தெரியும். அண்ணன் வீட்டில் நடந்தது இதுதான் என்றால், அண்ணனும் அண்ணியும் சுமப்பவர்கள். மாப்பிள்ளை சுமப்பவராக இருக்க 3ல் 2 வாய்ப்பு. உடன்பிறந்த உங்களுக்குக் குறைந்தது பாதி, உங்கள் மகளுக்குக் கால். இருவரும் சுமப்பவர்களானால் ஒவ்வொரு குழந்தைக்கும் 4ல் 1. எல்லாவற்றையும் பெருக்கினால் 24ல் 1, அதாவது 100க்கு ஏறத்தாழ 4. இது இந்த ஒரு குறைக்கு மட்டும்.

இந்தக் கணக்கை ஒரு பரிசோதனை மாற்றிவிடும். ஆனால் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: நன்றாக இருக்கும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் முதலில் லேபுக்கு அழைத்துப் போகிறார்கள். எந்தப் பழுதைத் தேடுவது என்றே தெரியாமல் தேடி, "ஒன்றுமில்லை" என்று வரும் ரிப்போர்ட்டை நம்பிப் பத்திரிகை அடித்துவிடுகிறார்கள். முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவன் அந்தத் தம்பி. ஊதா மூடிக் குழாயில் 2 முதல் 4 மில்லி போதும். கனெக்சின் 26 என்ற மரபணுவில் தொடங்குவார்கள்; அதில் கிடைக்காவிட்டால் எக்சோம் பரிசோதனை, அதாவது எல்லா மரபணுக்களின் முக்கியப் பகுதிகளையும் ஒரேயடியாகப் பார்ப்பது. முடிவு வரச் சில வாரங்கள் ஆகும், முகூர்த்தத்துக்கு முன்பே கொடுங்கள். பழுது இன்னதென்று தெரிந்தபின் அதே இடத்தை மட்டும் பெண், மாப்பிள்ளை இருவரிடமும் பார்ப்பார்கள். ஒருவரிடம் இல்லையென்றாலே இந்தக் கவலை ஏறக்குறைய தீர்ந்தது.

அந்தத் தம்பிக்கு ஓடும்போது மயக்கம் வந்ததுண்டா, இரவில் பார்வை மங்குகிறதா என்றும் கேளுங்கள். மயக்கம் என்றால் ஈசிஜி, பார்வை என்றால் கண் மருத்துவர். காது கேளாமையோடு சேர்ந்து வரும் பரம்பரைக் கோளாறுகள் உண்டு. மாறாக, அண்ணிக்குக் கர்ப்பத்தில் ரூபெல்லா என்ற அம்மை வந்திருந்தாலோ, குழந்தைக்குப் பிறந்தவுடன் கடும் மஞ்சள்காமாலை இருந்தாலோ, காரணம் மரபணுவே இல்லாமலும் போகலாம். கலைந்த கரு, இறந்து பிறந்த பிள்ளை, வலிப்பு என மூன்று தலைமுறைக்கும் எழுதிக்கொண்டு போங்கள். சம்பந்தம் கெட்டுவிடும் என்று எதையும் மறைக்காதீர்கள். மறைத்ததுதான் மருத்துவருக்கு வேண்டிய விஷயமாக இருக்கும்.

கேள்வி: மாமன் மகளைக் கட்டியிருக்கிறேன். மனைவிக்கு 9 வாரம். வீட்டில் யாருக்கும் குறையில்லை. இனி என்ன செய்யலாம்?
– வாசகர், பாம்பன்

பதில்: முதலில் நிம்மதியாக இருங்கள். உறவில்லாத தம்பதிக்கே 100 பிள்ளைகளில் 2, 3 பேர் பிறவிக்குறையோடு பிறக்கிறார்கள். உங்களுக்கு அதோடு இன்னும் 2, 3 கூடும், அவ்வளவுதான்.

ஆனால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகைக்கான பரிசோதனையை இந்த வாரமே செய்யுங்கள். மனைவிக்கு ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் உங்களுக்கும் பார்க்க வேண்டும். இரும்புச்சத்து குறைந்திருந்தால் இந்த அளவு குறைவாகக் காட்டி ஏமாற்றும், அதையும் சேர்த்துப் பாருங்கள். இருவருமே சுமப்பவர்கள் என்றால் 11வது வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடித் திசுவை எடுத்துச் சோதிக்கலாம், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். 18 முதல் 20 வாரத்துக்குள் முழு ஸ்கேன். அது இதயம், முதுகுத்தண்டைக் காட்டும். காது கேட்குமா என்பதைக் காட்டாது. அதற்குக் குழந்தை பிறந்தபின், வீட்டுக்குக் கூட்டி வருமுன்னே காதுப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள். சந்தேகம் என்றால் 3 மாதத்துக்குள் உறுதி செய்து, 6 மாதத்துக்குள் காதுக்கருவி பொருத்திவிட வேண்டும். 2 வயதாகியும் பேசவில்லையே என்று அப்புறம் வருபவர்கள் இழந்த மாதங்கள் திரும்பி வருவதில்லை.