அமிலத்துக்குத் தப்பும் வயிற்றுக் கிருமி: கேட்டதும் சொன்னதும்

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற வயிற்றுக் கிருமியைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள் நான். மருந்துச் சீட்டு எழுதமாட்டேன். அதை மட்டும் கேட்காதீர்கள்.

குடவாசல்: மேடம், வயிற்று அமிலம் அவ்வளவு காட்டமாமே, அதில் ஒரு கிருமி எப்படிப் பிழைக்கிறது?

இதிலிருந்தே தொடங்கலாம். இந்தக் கிருமிக்கும் அமிலம் ஆகாதுதான். ஆனால் தப்பிக்கும் வழி தெரியும். அது தயாரிக்கும் புரதங்களில் பத்தில் ஒரு பங்கு வரை யூரியேஸ் என்ற என்சைம். நிக்கல் இல்லாமல் அது வேலை செய்யாது. நம் வயிற்றுச் சாற்றில் எப்போதும் கொஞ்சம் யூரியா இருக்கும். கிருமியின் உள்சவ்வில் யூரி-ஐ என்றொரு வாசல் புரதம் உண்டு. வெளியே அமிலம் ஏறினால்தான் அது திறக்கும். உள்ளே வந்த யூரியாவை யூரியேஸ் அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கும். அம்மோனியா அமிலத்தை அடக்கும். கூடவே, சுற்றியிருக்கும் கெட்டியான சளிப் படலமும் இளகும். வால் போன்ற கசையிழைகளைச் சுழற்றி நீந்தி, அமிலம் அவ்வளவாக எட்டாத அடிப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும்.

எண்டோஸ்கோப்பி செய்யும் இடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிள்ளியெடுத்த கடுகளவு சதையை யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லில் வைப்பார்கள். கிருமி இருந்தால் அம்மோனியா கிளம்பும். சதையைச் சுற்றி முதலில் ரோஸ் படரும், பிறகு ஜெல் முழுக்க நிறம் மாறும். சில நேரம் ஒரு டீ குடித்து வருவதற்குள் மாறிவிடும்.

மன்னார்குடி: காரம் தின்றால்தானே அல்சர்?

இல்லை. காரம் எரிச்சலைக் கூட்டும், புண்ணை உண்டாக்காது. பெரும்பாலான அல்சருக்குக் காரணம் இந்தக் கிருமி அல்லது வலி மாத்திரை. இதை யாரும் நம்பாததால்தான் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷல் 1984இல் கிருமியை வளர்த்துத் தானே குடித்து, வயிற்று அழற்சியை வரவழைத்துக்கொண்டார். அவருக்கும், அவரோடு சேர்ந்து இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் கிடைத்தது.

திருத்துறைப்பூண்டி: எங்கள் வீட்டில் பார்த்தவரை எல்லாருக்கும் கிருமி இருக்கிறது. அப்பாவுக்கு மட்டும் அல்சர். ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி. கிருமி இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் வராது. எந்தக் கிருமி, அதனிடம் என்னென்ன புரதம், வந்து சேர்ந்த உடம்பு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது.

முதலில் ஒட்டவேண்டும். பாப்-ஏ என்ற புரதம் நம் வயிற்றுச் செல்களின் மேலிருக்கும் லூயிஸ்-பி என்ற ரத்தப் பிரிவுச் சர்க்கரையைப் பிடிக்கும். ஓ குரூப்காரர்களுக்குச் சிறுகுடல் முகப்பில் அல்சர் கொஞ்சம் கூடுதலாக வருவது பல காலமாகக் கவனிக்கப்பட்ட விஷயம். ஒட்டியபின், இந்தக் கிருமியிலேயே சில வகைகள் நர்ஸ் ஊசி போடுவதுபோல, குழாய் மாதிரியான ஓர் அமைப்பின் வழியாகக் காக்-ஏ என்ற புரதத்தை நேரே செல்லுக்குள் செலுத்தும். உள்ளே போனதும் நம் செல்லின் என்சைமே அதற்குப் பாஸ்பேட் மாட்டிவிடும்! பிறகு அது ஷிப்-2 என்ற புரதத்தைப் பிடித்து, வளர்ச்சிக் கட்டளைகளைக் குழப்பும். செல்களுக்கு இடையிலான பிணைப்பு தளரும், செல் நீண்டு உருமாறும், அழற்சி கூடும். வேக்-ஏ என்ற இன்னொரு புரதம் செல்லுக்குள் குமிழி குமிழியாக வெற்றிடங்களை உண்டாக்கும், நோய் எதிர்ப்புச் செல்களையும் மந்தமாக்கும். காக்-ஏ எல்லாக் கிருமியிலும் இருக்காது. வேக்-ஏவுக்கான மரபணு ஏறக்குறைய எல்லாவற்றிலும் உண்டு, வீரியத்தில்தான் வித்தியாசம்.

இத்தனை சொன்னாலும் நம் நாட்டுக் கணக்கு இடிக்கும். நம்மூர்க் கிருமிகளில் பெரும்பாலானவற்றில் காக்-ஏ இருக்கிறது, நோயில்லாதவர்களிடமும்கூட. ஆனால் ஜப்பான், கொரியா அளவுக்கு நமக்கு வயிற்றுப் புற்றுநோய் இல்லை. அங்குள்ள காக்-ஏ ஷிப்-2வை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் வகை. அது ஒரு காரணம்தான், முழுக் காரணம் ஆகாது. அப்பா பீடி, சிகரெட் பிடிப்பாரா? மூட்டுவலி மாத்திரை சாப்பிடுகிறாரா? அதை முதலில் கேளுங்கள்.

பாபநாசம்: பான்டோப்ரசோல் ரெண்டு வருஷமாகப் போடுகிறேன், கிருமி செத்திருக்குமா?

அது அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை. கிருமி சாகாது, பதுங்கும். டெஸ்டில் இல்லையென்று பொய்யாகக் காட்டவும் செய்யும். மூச்சு டெஸ்டுக்கோ மலப் பரிசோதனைக்கோ முன்னால் இரண்டு வாரம் இந்த மாத்திரையையும், நான்கு வாரம் ஆன்டிபயாடிக்கையும் நிறுத்தியிருக்கவேண்டும். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

திருவையாறு: தினம் நீராகாரம் குடித்த எங்கள் தாத்தாவுக்கு அல்சரே கிடையாது. பழைய சோற்றிலுள்ள நல்ல கிருமி இதைக் கொன்றுவிடும்தானே?

தாத்தாவுக்கு யார் டெஸ்ட் செய்தது? கிருமி இருந்தும் சும்மா இருந்திருக்கலாம். நீங்கள் சொல்லும் நல்ல கிருமிகளான லாக்டோபேசில்லஸ் வகைகள் ஆய்வகத் தட்டில் இதன் வளர்ச்சியை மட்டுப்படுத்தும். வயிற்றிலிருந்து ஒழித்துக்கட்டாது.

பூம்புகார்: பழைய சோத்துக்குக் கருவாடு தொட்டுக்குவீங்கல்ல, அங்கதான் வினை.

திருவையாறு: நாங்க கருவாடு தொடறதில்லைங்க. நார்த்தங்காயும் மோர்மிளகாயும்தான்.

பூம்புகார்: நார்த்தங்காயில மட்டும் உப்பு இல்லையாக்கும்?

வேதாரண்யம்: உப்பைக் குறை சொன்னா நாங்க சும்மா இருக்கமாட்டோம்.

சண்டை வேண்டாம். உப்புக் கூடிய சூழலில் சில கிருமிகள் காக்-ஏவை அதிகமாகத் தயாரிக்கின்றன. ஜெர்பில் என்ற எலியினத்தில் கிருமியும் உப்புத் தீனியும் சேர்ந்தபோது புற்றுநோய் கூடியது. காக்-ஏ நீக்கிய கிருமியைக் கொடுத்த எலிகளுக்கு, அதே தீனியிலும், அது வரவில்லை. ஆக உப்பளத்துக்காரர் பாதி நிரபராதி. கருவாட்டை ஊறவைத்து அலசி, எப்போதாவது சாப்பிடுங்கள். நார்த்தங்காய்க்கும் அதே தீர்ப்பு.

திருவையாறு: அப்போ நீராகாரம்?

குடியுங்கள் ஐயா, யார் தடுத்தார்கள்? உப்பை மட்டும் அள்ளிப் போடாதீர்கள்.

வலங்கைமான்: ஆத்துத் தண்ணியிலிருந்து வருமா?

அசுத்தத் தண்ணீர் வழியாகவும் வரலாம். பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டாரிடமிருந்துதான்.

நீடாமங்கலம்: கேஸ் மாத்திரை தினமும் போட்டால் கிருமி போய்விடுமா?

பாபநாசத்துக்குச் சொன்னதைப் படியுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரையால் இது போகாது. ஆன்டிபயாடிக்குகள் சேர்ந்த கோர்ஸ், வழக்கமாக 14 நாள். எரிச்சல் நின்றதும் பாதியில் விட்டால் எதிர்ப்புச் சக்தி பெற்ற கிருமிதான் மிஞ்சும். வயிற்றுப்போக்குக்கெல்லாம் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கை விழுங்கி விழுங்கித்தான் நம் நாட்டில் அது இந்தக் கிருமியிடம் பல நேரம் பலிப்பதில்லை.

ஒரத்தநாடு: என் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டை அனுப்பட்டுமா?

வேண்டாம் தம்பி. குடல் டாக்டரிடம் காட்டுங்கள்.

பட்டுக்கோட்டை: கோர்ஸ் ஆரம்பித்ததிலிருந்து மலம் கறுப்பாகப் போகிறது. பயமாக இருக்கிறது மேடம்.

கோர்ஸில் பிஸ்மத் என்ற மருந்து இருந்தால் கறுக்கும், இரும்பு மாத்திரையும் அப்படித்தான். ஆனால் தார் மாதிரி ஒட்டி, நாற்றமடித்து, தலைசுற்றலும் இருந்தால் உள்ளே ரத்தம் கசியலாம். அப்படியிருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காமல் இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.