அறுபதைக் கடந்தவருக்கு ஏற்ற ஸ்கீ எது? – கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 63, உயரம் 172 செ.மீ., எடை 78 கிலோ. இருபது ஆண்டுகளாக ஆண்டுக்குப் பத்து நாள் அளவில் பனிச்சறுக்குக்குப் போய்வருகிறேன். நீலக் குறியிட்ட எளிய சரிவுகளில் தயக்கமின்றி இறங்குவேன். நடுத்தரமான சிவப்புச் சரிவுகளில் செங்குத்தான இடம் வந்தால் பக்கவாட்டில் வழுக்கி மெதுவாக இறங்கிவிடுவேன். மிகக் கடினமான கறுப்புச் சரிவுகளில் எனக்கு நாட்டமில்லை. என்னிடமுள்ள ஸ்கீ, அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பலகை, பதினெட்டு ஆண்டுப் பழையது, நீளம் 178 செ.மீ. பிற்பகலானால் தொடைகள் எரிகின்றன. முழங்கால் வலி மறுநாள் காலைவரை இருக்கிறது. நடு அகலம் 100 மி.மீ. உள்ள ஸ்கீயை வாங்கினால் எந்தப் பனியிலும் ஓடும் என்கிறான் மகன். கடைக்காரரோ இரண்டு உலோகத் தகடுகள் வைத்த, தேர்ந்தவர்களுக்கான மாதிரி ஒன்றைப் பரிந்துரைக்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உங்கள் வயதில் ஸ்கீயின் தேர்வு தவறிவிட்டால் அதற்கான விலையை முழங்காலும் சேர்ந்து கொடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் மகன் சொல்லும் அகலத்தை எடுத்துக்கொள்வோம். முனை, நடு, வால் ஆகிய மூன்று இடங்களின் அகலமும் மி.மீ. கணக்கில் பெரும்பாலும் ஸ்கீயின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் நடுவிலுள்ள எண்ணே உங்களுக்கு முக்கியமானது. இயந்திரத்தால் சமன்செய்த கெட்டியான சரிவில் நாம் திரும்பும்போது ஸ்கீயின் அடிப்பரப்பில் நிற்பதில்லை, அதன் உலோக விளிம்பில்தான் நிற்கிறோம். நடுப்பகுதி அகலமாக இருந்தால் அந்த விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகிப்போகிறது. உடலின் எடை ஸ்கீயை மீண்டும் தட்டையாகப் படுக்கவைக்கப் பார்க்கிறது. அதைச் சாயவிடாமல் பிடித்து நிற்கும் வேலை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் வந்து சேர்கிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் சிறிதாகத் தோன்றும் இந்தச் சுமை, ஒரு நாளில் நூற்றுக்கணக்கான திருப்பங்களில் சேர்ந்து, நீங்கள் சொல்லும் பிற்பகல் வலியாக மாறக்கூடியது. ஆழமான புதுப்பனியில் நிலைமை வேறு. அங்கே பனி ஸ்கீயின் முழு அகலத்தையும் தாங்குவதால், அகலம் மிதப்பதற்கு உதவுகிறது. உங்கள் மகன் அத்தகைய பனியைத் தேடிப் போகிறவராக இருந்தால் அவருக்கு அவர் சொல்வது சரி. சமன்செய்த சரிவிலேயே நாளைக் கழிக்கும் உங்களுக்கு 68 முதல் 78 மி.மீ. வரையிலான நடு அகலம் போதும். எப்போதாவது ஓரத்திலுள்ள மென்பனியிலும் இறங்கிப் பார்க்க ஆசையிருந்தால் 80-ஐ ஒட்டிப் போகலாம்.

அடுத்தது நீளம். 1990-களுக்கு முன்பு ஸ்கீ ஏறத்தாழ நேராக இருந்தது. வளர்ந்த ஆண்கள் 200 செ.மீ. நீளத்தைக் காலில் கட்டிக்கொண்டார்கள். 1990-களில் ஸ்லோவேனியாவின் எலான் நிறுவனம் கொண்டுவந்த எஸ்.சி.எக்ஸ். போன்ற மாதிரிகளுக்குப் பிறகு, முனையும் வாலும் அகன்று நடுப்பகுதி குறுகிய வடிவம் பரவியது. விளிம்பில் சாய்த்து நின்றாலே ஸ்கீ தானாக வளைந்து திரும்பும் என்பதால் நீளமும் குறைந்துகொண்டே வந்தது. உங்கள் பழைய ஸ்கீயும் இந்த வடிவத்தைச் சேர்ந்ததாகவே இருக்கும். ஆனாலும் 178 செ.மீ. என்பது இன்றைய கணக்கில் உங்கள் உயரத்தையே தாண்டிய நீளம். தாடைக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரமே உங்களைப் போன்ற இடைநிலைச் சறுக்காளருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆனால் ஸ்கீயை அழுத்தி வளைப்பது எடைதான் என்பதால் எடையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 78 கிலோ எடைக்கு 160 முதல் 165 செ.மீ. வரை எடுக்கலாம். 150-க்குக் கீழே போனால் திரும்புவது எளிதாகும். ஆனால் சற்று வேகம் கூடியதும் முனை படபடக்கத் தொடங்கும்.

ஸ்கீயின் மேல் அச்சிட்டிருக்கும் இன்னோர் எண் திருப்ப ஆரம், அதாவது விளிம்பில் சாய்த்தால் ஸ்கீ வரையும் வளைவின் ஆரம். 13 முதல் 15 மீட்டர் வரை இருந்தால், மெதுவாகப் போகும்போதும் ஸ்கீ நடுத்தரமான வளைவில் இயல்பாகத் திரும்பும். 18-க்கு மேல் உள்ளவை நீண்ட, வேகமான வளைவுகளுக்கு உரியவை. முனைப்பகுதி மட்டும் சற்று முன்னதாகவே மேல்நோக்கி எழும் ராக்கர் அமைப்பு இருந்தால் திருப்பத்தைத் தொடங்குவது இலகுவாகும். பாதத்தின் கீழே, நடுப்பகுதி மேல்நோக்கி வளைந்திருக்கும் பழைய வில் வடிவம் இருக்கட்டும். கெட்டியான பனியில் பிடிமானம் தருவது அதுதான்.

இனி கடைக்காரர் காட்டிய மாதிரி. டைட்டனல் என்னும் அலுமினியக் கலவைத் தகடுகளை மரத்தின் மேலும் கீழுமாக முழு நீளத்துக்கு வைத்துச் செய்த ஸ்கீ, வேகத்தில் அதிராமல் ஓடும். அதன் தரத்தில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் அத்தகைய ஸ்கீ வளைவதற்கு வேகமும் விசையும் வேண்டும். நீங்கள் வேகத்தைக் குறைத்து இறங்குகிறவர். அந்த வேகத்தில் அது வளைய மறுத்து நேராகவே ஓடப் பார்க்கும், நீங்கள் தொடையின் பலத்தால் அதைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். உலோகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. பூட் என்னும் சறுக்குக் காலணியை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கின் கீழ் மட்டும் ஒரு தகடு உள்ள, மரம் உள்ளீடாக வைத்த, நடுத்தர விறைப்புள்ள ஸ்கீ உங்களுக்கு நன்றாகவே பொருந்தும். மிக மலிவான, நுரை உள்ளீடு வைத்த தொடக்கநிலை ஸ்கீயையும் தவிர்த்துவிடுங்கள். காலைநேரத்து உறைபனியில் அதன் அதிர்வு முழங்கால்வரை ஏறும்.

இவ்வளவையும் தாளில் பார்த்துத் தேர்ந்தெடுத்தபின் வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். சோதனைக்காக ஸ்கீ தரும் கடைகளில் பல, பின்னர் அங்கேயே வாங்கினால் அந்த வாடகையை விலையில் கழித்துக்கொள்கின்றன. அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சோதனையை எப்போது செய்கிறீர்கள் என்பது மிக முக்கியம். காலை ஒன்பது மணிக்குச் சரிவு புதிதாகச் சமன்செய்யப்பட்டிருக்கும், கால்களில் களைப்பு இருக்காது. அப்போது எந்த ஸ்கீயும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். பிற்பகல் மூன்று மணிக்கு, பனி மிதிபட்டுக் குவியல் குவியலாகக் கிடக்கும்போது, தொடை களைத்திருக்கும் அந்த நேரத்தில், பழக்கமான ஒரே சரிவில் இரண்டு மாதிரிகளை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள். ஒரு திருப்பம் தாமதமாகி உடல் பின்னால் சாய்ந்துவிட்டால், எந்த ஸ்கீ உங்களை மீண்டும் நடுவுக்கு வர விடுகிறதோ அதை எடுங்கள்.

பைண்டிங்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது அந்தப் பதினெட்டு ஆண்டுதான். விழும்போது பூட் காலணியை ஸ்கீயிலிருந்து விடுவிக்கும் கருவி பைண்டிங். தயாரிப்பாளர்கள் தாங்கள் இன்னும் பொறுப்பேற்கும் மாதிரிகளின் பட்டியலை வெளியிடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத பழைய பைண்டிங்கைப் பல கடைகள் தொடவே மாட்டா. உங்களுடையது அநேகமாக அந்த நிலைக்கு வந்திருக்கும். புதிய பைண்டிங்கின் விடுவிப்பு அளவு, பேச்சுவழக்கில் டின் அளவு, ஐ.எஸ்.ஓ. 11088 தரநிலையின் அட்டவணைப்படி வைக்கப்படும். எடை, உயரம், வயது, பூட்டின் அடிப்பாக நீளம், சறுக்கும் முறை ஆகிய ஐந்தையும் படிவத்தில் கேட்பார்கள். 50 வயதைத் தொட்டவருக்கு அட்டவணையில் ஒரு வரிசை இறக்கி, எளிதில் விடுபடும்படி அளவு வைக்கப்படும். என்னோடு வந்த ஒருவர் வயதுக் கட்டத்தில் 49 என்று எழுதுவதைக் கண்ணால் கண்டேன். அவருக்கு அப்போது 56. எழுதிவிட்டுப் பேனாவை வைத்தவரிடம் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டேன். அன்று மாலை மெதுவாக முறுகி விழுந்தபோது ஸ்கீ கழலாமல் காலோடு திரும்பியது. ஆறு வாரம் அவர் ஊன்றுகோலில் நடந்தார். அளவு சரியாக இருந்திருந்தால் தப்பியிருப்பார் என்று என்னால் உறுதி கூற முடியாது, ஏனெனில் முழங்காலின் தசைநார்க் கிழிவைத் தடுப்பதற்காக இன்றைய வழக்கமான பைண்டிங் வடிவமைக்கப்படவில்லை. கால் எலும்பைக் காப்பதே அதன் முதல் நோக்கம். ஆயினும் அந்தப் படிவத்தில் உண்மையை மட்டுமே எழுதுங்கள். எடையைக் குறைத்தோ கூட்டியோ எழுதாதீர்கள். சறுக்கும் முறையில், மெதுவாக, எச்சரிக்கையாக இறங்குகிறவர் என்பதற்கான முதல் வகையைத் தேர்வதில் எந்தக் குறையும் இல்லை. அளவுகோல் ஏறத்தாழ 3-இல் தொடங்கி 10 அல்லது 11-இல் முடியும் பைண்டிங்கை வாங்கினால் உங்கள் அளவு அதற்குள் அடங்கும்.

பூட் பழையதாக இருந்தால், கையிலுள்ள பணத்தில் முதலில் அதையே மாற்றுங்கள். குதிகால் உள்ளே எழும் பூட்டோடு எவ்வளவு நல்ல ஸ்கீயை மாட்டினாலும் உங்கள் அசைவு விளிம்புவரை போய்ச் சேராது. உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் கூட்டுக்குள் காலை வைத்து, விரல்நுனி முன்பக்கம் தொடும்படி நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு விரல் அகலம் இடைவெளி இருப்பது சரியான அளவு. நடப்பதற்கு இதமான வளைந்த ரப்பர் அடிப்பாகம் கொண்ட கிரிப்வாக் பூட், வாகன நிறுத்தத்திலிருந்து படியேறிப் போகிறவருக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பைண்டிங்கிலும் அதே பெயர்க் குறி இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

கேள்வி: என் வயது 58, உயரம் 158 செ.மீ. பெண்களுக்கான ஸ்கீ என்று தனியாக விற்கிறார்களே, அது நிறத்தில் மட்டும்தான் வேறுபாடா?

பதில்: சில மாதிரிகளில் ஏறத்தாழ அப்படித்தான். ஆனால் பலவற்றில் இலகுவான மரத்தை உள்ளீடாக வைத்து, விறைப்பைக் குறைத்து, பைண்டிங் பொருத்தும் இடத்தைச் சற்று முன்னே தள்ளியிருப்பார்கள். இந்த மாற்றங்கள் எடை குறைந்த எவருக்கும் நன்மையே. எனவே பெயரைப் பாராமல் ஜோடியின் எடையைப் பைண்டிங்கோடு சேர்த்துக் கையில் தூக்கிப் பாருங்கள். வாலைத் தரையில் ஊன்றி, முனையை ஒரு கையால் பிடித்து, நடுவில் மற்ற உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அருகிலுள்ள மாதிரியோடு ஒப்பிட்டால் வேறுபாடு உடனே தெரியும். உங்கள் உயரத்துக்கு 143 முதல் 150 செ.மீ. வரை பொருத்தமாக இருக்கும். இலகுவானது என்பதற்காக மட்டும் எதையும் எடுத்துவிட வேண்டாம். மிக இலகுவான ஸ்கீ கெட்டியான பனியில் கலகலவென்று அதிரும்.

கேள்வி: பருவம் முடியும்போது வாடகைக் கடைகள் விற்கும் பழைய ஸ்கீயை வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், இடைநிலைச் சறுக்காளருக்கு அங்கேதான் நல்ல பேரம் கிடைக்கும். மாதிரிகளின் கட்டமைப்பு பெரும்பாலும் ஆண்டுதோறும் மாறுவதில்லை, பல நேரங்களில் மேற்பரப்பின் ஓவியம் மட்டுமே மாறுகிறது. ஆனால் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். உலோக விளிம்பை நகத்தால் தொட்டுப் பாருங்கள். பலமுறை தீட்டித் தீட்டி அது கம்பியாய் மெலிந்திருந்தால் அந்த ஸ்கீக்கு இனி ஆயுள் இல்லை. விளிம்பை ஒட்டி அடிப்பரப்பு பிளந்திருக்கிறதா, பக்கச்சுவர் அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். இரண்டு ஸ்கீகளின் அடிப்பரப்பையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தால் முனையிலும் வாலிலும் சமமாகத் தொட வேண்டும். ஒருபக்கம் மட்டும் விலகி நின்றால் அதில் ஒன்று முறுக்கியிருக்கிறது. வாடகை ஸ்கீயின் பைண்டிங் பல பூட் அளவுகளுக்கு நகர்த்தும்படி செய்யப்பட்டிருப்பதால் சற்றுக் கனமாக இருக்கும். வேறு தீமை இல்லை. அந்த பைண்டிங் தயாரிப்பாளரின் பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று எழுத்தில் உறுதி கேளுங்கள். உங்கள் சொந்த பூட்டைக் கொண்டுபோய், கருவியில் வைத்து விடுவிப்பு அளவைச் சோதித்துத் தரச் சொல்லி, அந்தச் சோதனைச் சீட்டையும் விலைச்சீட்டோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.