பாலக்காட்டில் ரியாலஜி ஆண்டுக் கூட்டம்: கேட்டவையும் சொன்னவையும்

பொருள்கள் எப்படி ஓடுகின்றன, எது எவ்வளவு அழுத்தினால் நகரத் தொடங்குகிறது என்று ஆராய்வதுதான் ரியாலஜி. அதைச் செய்கிறவர்களின் சங்கம் எங்களுடையது. அடுத்த ஆண்டுக் கூட்டத்தைக் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோடு பக்கம் வைக்கலாம் என்று பேச்சு எழுந்ததும் தமிழக-கேரள எல்லைக்கு இரு பக்கமிருந்தும் கேள்விகள் குவிந்துவிட்டன. நிகழ்ச்சிக் குழுக்களில் பல வருஷம் குப்பை கொட்டியவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, கல்லூரி ஆசிரியர்): டீச்சர், அமெரிக்காவின் ரியாலஜி சங்கம் பெரும்பாலும் அக்டோபரில்தான் கூடுகிறது. நாமும் அதையே பின்பற்றினால் என்ன?

பதில்: அந்தச் சங்கத்தின் முதல் கூட்டமே 1929 டிசம்பரில், வாஷிங்டனில். அக்டோபர் பிற்பாடு அவர்களுக்குச் சௌகரியப்பட்ட மாதம், அவ்வளவுதான். நமக்கு அக்டோபர் என்றால் துலாவர்ஷம், அதாவது வடகிழக்குப் பருவமழை. மதியம் வரை வெயில் காய்ச்சும், மூன்று மணிக்கு மேல் இடியும் மழையும், கூடவே கரண்ட் போகும். பேச்சாளர் படம் காட்டிக்கொண்டிருக்கிற நேரம் பார்த்து வரும்.

நவம்பர் நடுவில் கல்பாத்தித் தேர். பாலக்காடு டவுனில் அப்போது அறை கேட்டால் சிரிப்பார்கள். அதே சமயம் சபரிமலை மண்டல காலமும் தொடங்கிவிடும், ரயிலில் இடம் கிடைக்காது. டிசம்பரில் நம் நாட்டில் சிக்கல் பாய்மங்களை (கூழ், பசை, நுரை மாதிரி தண்ணீர்போல் எளிதாக ஓடாதவை) ஆராய்கிறவர்களின் காம்ப்ஃப்ளூ கூட்டம் வழக்கமாக நடக்கிறது, அங்கே போகிறவர்களும் ஏறக்குறைய நம் ஆட்களேதான். அவர்களோடு மோதக் கூடாது. மார்ச் வந்தால் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும்.

மிஞ்சுவது ஜனவரி பிற்பாதி. பொங்கலும் மகரவிளக்கும் முடிந்திருக்கும், மழை இருக்காது. ஒரே ஒரு தொல்லை, பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கிற காற்று. அதனால் போஸ்டர் (மேடையில் பேசாமல், ஆய்வை அச்சடித்து மாட்டி நின்று விளக்குவது) பலகைகளைத் திறந்த வராந்தாவில் நிறுத்தும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

கேள்வி (நகரி, ஆந்திரம்): எல்லாம் ஏன் கேரளப் பக்கமே? ஏர்பேட்டில் ஐஐடி இருக்கிறது, ரேணிகுண்டாவில் விமான நிலையம் இருக்கிறது. எங்கள் பக்கமும் தமிழர்கள் இருக்கிறோம்!

பதில்: நியாயமான கோபம். அடுத்த முறைக்கு உங்கள் பெயரை நானே முன்மொழிகிறேன். புரட்டாசி பிரம்மோற்சவ நாட்களைத் தவிர்க்க வேண்டும். நவம்பரும் வேண்டாம், 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியது உங்களுக்கே தெரியும். இன்னொன்று, விருந்தினர்களில் பாதிப் பேர் முதல் நாள் மதியமே மலையேறிவிடுவார்கள். அதற்கென்று ஒரு அரை நாளை நிகழ்ச்சி நிரலிலேயே ஒதுக்கிவிட்டால் மற்ற நாட்கள் தப்பும்.

கேள்வி (கஞ்சிக்கோடு, ஆய்வு மாணவி): மூன்று நாளில் எத்தனை பேச்சு வைக்கலாம்? எல்லாருக்கும் மேடை கொடுக்க முடியாதா?

பதில்: கணக்குப் போட்டுப் பாரம்மா. காலை 9 முதல் 10 வரை எல்லாருக்கும் பொதுவான உரை. அரை மணி டீ. 10:30 முதல் 12:30, பிறகு 2 முதல் 4, மறுபடி டீ, 4:30 முதல் 5:30. ஒரு பேச்சுக்கு 20 நிமிஷம் என்றால் ஒரு அரங்கில் ஒரு நாளைக்கு 15. மூன்று அரங்கு, மூன்று நாள், 135. இதற்கு மேல் வந்த ஆய்வுச் சுருக்கங்களைப் போஸ்டருக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இந்த இடத்தில்தான் குழுக்காரர்களுக்குக் கை அரிக்கும். டீ நேரத்தைப் பத்து நிமிஷமாக்கலாம், பேச்சை 15 ஆக்கலாம், நான்காவது அரங்கு திறக்கலாம் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பேச்சில் சொல்வதைக் கட்டுரையில் படித்துக்கொள்ளலாம். பாலிமர்க்காரரும் பெயிண்ட் கம்பெனிக்காரரும் ஒரே மேஜையில் டீ குடிக்கும் அரை மணி எந்தக் கட்டுரையிலும் வராது. மனிதர்கள் பேசிக்கொள்ள நேரம் இல்லாத கூட்டத்துக்கு யாரும் ரயில் ஏறி வர வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். பேச வேண்டியவர் வரவில்லை என்றால் அடுத்தவரை முன்னால் இழுக்காதீர்கள், அந்த 20 நிமிஷமும் காலியாகவே கிடக்கட்டும். அடுத்த பேச்சுக்காகவே பக்கத்து அரங்கிலிருந்து ஓடி வருகிறவர் வந்து பார்க்கும்போது அது முடிந்திருக்கக் கூடாது. தலைமை தாங்குகிறவரிடம் இதை எழுதியே கொடுத்துவிட வேண்டும். வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): திடீரென்று ஹர்த்தால் அறிவித்துவிட்டால்? வாளையாறோடு பஸ் நின்றுவிடுமே!

பதில்: ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் நடத்தக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள். தங்கும் இடம், சாப்பாடு, அரங்கு மூன்றும் நடந்து போகிற தூரத்தில் இருந்தால் ஹர்த்தால் அன்றும் கூட்டம் நடக்கும். டவுனில் நல்ல ஹோட்டல் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டு விருந்தினரை அங்கே போட்டால் அன்றைக்குக் கதை முடிந்தது. முதல் நாள் பேச வேண்டியவர்களை முந்தின நாள் மாலையே வரவழைத்துவிடுங்கள்.

கேள்வி (மூணாறு, எஸ்டேட் குடும்பத்து முதுகலை மாணவர்): அக்கா, எங்கள் மலையில் மண் சரிவதும் பொருள் ஓடுவதுதானே? அதற்கு ஒரு அமர்வு உண்டா?

பதில்: தம்பி, இதை நீ கேட்கும் முன்பே நாங்கள் யோசித்திருக்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு உங்கள் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மேல் மலை இறங்கியது. 60-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், பெரும்பாலும் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும். இரண்டு இடத்திலும் மண் வெறுமனே சரிந்து நிற்கவில்லை, நீரோடு கலந்து குழம்பாகி ஓடி வந்தது. நிற்கிற பொருள் ஓடுகிற பொருளாக மாறும் அந்தத் தருணம்தான் எங்கள் துறையின் மையக் கேள்வி.

களிமண் கலந்த சேறு ஒரு அளவு வரை தாங்கி நிற்கும். அந்த அளவைத் தாண்டினால்தான் ஓடும். இப்படிப்பட்ட பொருளுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவர் பிங்ஹாம், நான் மேலே சொன்ன அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். சேற்றில் நீரின் பங்கு கொஞ்சம் கூடினாலே அந்தத் தாங்கும் அளவு சரசரவென்று இறங்கிவிடும். ஆனால் மலையிலிருந்து வருவது சேறு மட்டும் இல்லையே. பாறை, வேரோடு மரம், மண் துகள்களின் இடுக்கில் அகப்பட்டு அழுத்தம் ஏறிய நீர் எல்லாம் சேர்ந்து வருகிறது. பிங்ஹாமின் எளிய சமன்பாடு அங்கே பாதி வழிதான் வரும். மிச்சத்துக்கு மணல் போன்ற துகள்களின் பாய்வைப் படிப்பவர்களும் புவியியலாளர்களும் வேண்டும். அவர்கள் நம் கூட்டங்களுக்கு வருவதே இல்லை, தனியாகப் போய் அழைக்க வேண்டும்.

அமர்வை வைத்தால் இரண்டாம் நாள் காலையில் வையுங்கள், அதே நேரத்தில் வேறு அமர்வு இருக்கக் கூடாது. கடைசி நாள் மதியம் போட்டால் பெட்டியோடு உட்கார்ந்திருப்பவர்கள்தான் கேட்பார்கள். மலையில் வாழ்கிறவர் ஒருவரும் அதில் பேச வேண்டும். மழைக்கு முன் ஓடை நீர் எப்படிக் கலங்கியது, எந்தப் பக்கம் சத்தம் கேட்டது என்று அவர் சொல்வதற்குச் சமமான தரவு எங்கள் கருவிகளில் இல்லை. அவர் தமிழிலோ மலையாளத்திலோ பேசட்டும், பக்கத்தில் ஒருவர் நின்று ஆங்கிலத்தில் சொல்லட்டும். அப்புறம் ஒன்று: இறந்தவர்களின் படங்களைத் திரையில் காட்டக் கூடாது என்று பேச்சாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர், கருவி விற்பனைப் பிரதிநிதி): மேடம், பொருள் எப்படி ஓடுகிறது என்று அளக்கிற எங்கள் ரியோமீட்டரை அரங்கிலேயே ஓட்டிக் காட்ட விரும்புகிறோம். என்ன ஏற்பாடு கேட்க வேண்டும்?

பதில்: உங்கள் கருவி காற்றுத் தாங்கியில், அதாவது அச்சு காற்றுப் படலத்தின் மேல் மிதந்து, சுழல்வது என்றால் எண்ணெயும் ஈரமும் இல்லாத அழுத்தக் காற்று வேண்டும். அதை எழுத்தில் கேளுங்கள். கல்லூரி ஆய்வகத்து கம்ப்ரஸர் பெரும்பாலும் எண்ணெய் கக்கும். சுழன்றுகொண்டிருக்கும்போது காற்று நின்றால் தாங்கி உரசிப் பாழாகும். அதனால் கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கிற காற்றுத் தொட்டி அவசியம். வண்டியில் கொண்டு வரும்போது தாங்கியைப் பூட்டியே கொண்டு வாருங்கள், நம் ஊர் ரோடு உங்களுக்குத் தெரியாததா.

வெப்பநிலை கட்டுப்பாடு இல்லாமல் எண்களைக் காட்டாதீர்கள். தண்ணீரின் பாகுநிலையே (ஓட்டத்துக்கு அது காட்டும் தடை) ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் மாறும். உள்ளூர் அபிமானத்தில் தேங்காய் எண்ணெயை மாதிரியாக வைக்கும் எண்ணம் இருந்தால் ஏசியைப் பார்த்துக்கொள்ளுங்கள். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும், உங்கள் வரைபடம் திடீரென்று மேலே பாயும். அதையே வேண்டுமென்று செய்து காட்டினால் கூட்டம் கூடும் என்பது வேறு விஷயம்.

கேள்வி (மார்த்தாண்டம், ரப்பர் பால் தொழில்): பேராசிரியர்கள் கூடுகிற இடத்தில் எங்களுக்கு என்ன வேலை?

பதில்: அண்ணாச்சி, மரத்திலிருந்து வரும் பாலில் ரப்பர் 30 முதல் 40 சதவீதம்வரை. நீங்கள் அமோனியா சேர்த்து, மிஷினில் சுழற்றி 60 ஆக்குகிறீர்கள். துகள்கள் நெருங்க நெருங்கப் பாகுநிலை எப்படி எகிறுகிறது என்பது எங்கள் ஆட்கள் ஆயுள் முழுக்கப் படிக்கிற விஷயம். கையுறை அச்சைப் பாலில் முக்கி எடுக்கும்போது படலம் எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதும் அதே கணக்குதான். தொட்டி ஏன் சில நாள் கெட்டியாகிறது என்ற உங்கள் கேள்வியோடு வாருங்கள். கோவை கிரைண்டர்க்காரர்களையும் பாக்கெட் மாவு விற்பவர்களையும் அழைக்கச் சொல்லியிருக்கிறேன். புளித்த இட்லி மாவு அளப்பதற்குச் சிரமமான பொருள், உள்ளே குமிழி வளர்ந்துகொண்டே இருக்கும், அளக்கிற நேரத்துக்குள்ளேயே மாறிவிடும். தொழில்காரர்களுக்குக் கட்டணம் குறைவாக ஒரு நாள் சீட்டு வைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கேள்வி (பாலக்காடு, வரவேற்புக் குழு): விருந்தில் சொற்பொழிவு வேண்டுமா? எல்லாரும் களைத்திருப்பார்களே, டீச்சர்.

பதில்: கேரளச் சத்யை விருந்தை இலையில் போடுங்கள், மட்டையரிசிச் சோறும் இருக்கட்டும். சொற்பொழிவும் இருக்கட்டும், ஆனால் சின்னதாக. 1963-இல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் நடந்த நான்காவது உலக ரியாலஜி மாநாட்டில் எங்கள் துறையின் முன்னோடி மார்க்கஸ் ரைனர் விருந்துக்குப் பின் எழுந்து பேசினார். பைபிளில் தெபோராள் பாடும் வரி ஒன்றை எடுத்துக்கொண்டார், கர்த்தருக்கு முன்பாக மலைகள் ஓடின என்பது. மனிதன் பார்க்கும் நேரத்துக்குள் மலை ஓடாது, கடவுளின் நேரம் நீண்டது என்பதால் அவர் முன் ஓடும் என்றார். ஒரு பொருள் தளர்ந்து இணங்க எடுக்கும் நேரத்தை நாம் கவனிக்கும் நேரத்தால் வகுத்தால் வருவதுதான் டெபோரா எண், அந்தத் தெபோராளின் பெயர்தான். இன்று எங்கள் மாணவர்கள் முதல் வருஷமே அதைப் படிக்கிறார்கள். அந்தப் பேச்சு அடுத்த ஆண்டு ஜனவரியில் பிசிக்ஸ் டுடே இதழில் அச்சானது, அதுவும் சின்னதாகத்தான்.

ஆகவே பேச்சாளருக்கு 15 நிமிஷம், படம் காட்டும் திரை கிடையாது. பாயசத்துக்கு முன் பேசச் சொல்லாதீர்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி (வாளையாறு, பள்ளி ஆசிரியை): பிள்ளைகளைக் கூட்டி வரலாமா? அவர்கள் பார்க்க என்ன இருக்கும்?

பதில்: சனிக்கிழமை மதியம் கூட்டி வாருங்கள் டீச்சர். சோளமாவு (கடையில் விற்கும் கார்ன்ஃப்ளோர்) கரைசலில் மெல்லக் கை விட்டால் உள்ளே போகும், குத்தினால் கல்லாகும். அதைப் பார்த்த பிள்ளைகள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். கூடவே ஒரு கண்ணாடிப் புனலில் தார் நிரப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927-இல் இப்படி வைத்தார். மூன்று வருஷம் அடங்க விட்டு 1930-இல் புனலின் அடியை வெட்டினார். ஒன்பதாவது சொட்டு 2014-இல்தான் பிரிந்தது. சுத்தியலால் அடித்தால் உடைகிற பொருள் இது! அதனால் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அன்றைக்கு எதுவும் சொட்டாது.

கேள்வி (திருவனந்தபுரம்): வெளிநாட்டு விருந்தினர்களுக்கு?

பதில்: கருத்தரங்கு விசாவில்தான் வர வேண்டும். சுற்றுலா விசாவில் வாருங்கள் என்று யாரும் வாய்தவறியும் சொல்லாதீர்கள். அழைப்புக் கடிதத்தோடு அமைச்சகங்களின் ஒப்புதலும் கேட்பார்கள், அது நகரப் பல மாதம் ஆகலாம். பேச்சாளர் பட்டியல் முடிவான அன்றே விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி (பாலக்காடு சித்தூர் தாலுகா, ஆய்வு மாணவர்): போஸ்டரைப் பஸ்ஸில் எப்படிக் கொண்டு வருவது? குழாய் வைக்க இடம் இருக்காது.

பதில்: துணியில் அச்சடியுங்கள். கோவையிலேயே அடித்துக் கொடுக்கிறார்கள், மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம், கசங்கினால் விடுதியில் ஒரு இஸ்திரி போதும். நெட்டுவாக்கில் அடியுங்கள், எங்கள் பலகைகள் அகலம் குறைந்தவை. எழுத்து பெரிதாக இருக்கட்டும். குண்டூசி நாங்கள் தருவோம்.