புறாவும் கழுதையும்

கேள்வி: காய்ச்சலில் கிடந்த இங்கிலாந்து ராணியின் காலில் புறாவை வைத்து வைத்தியம் பார்த்தார்களாமே! நம் முன்னோர் இப்படிக் கூத்தடிக்கவில்லை என்று பெருமைப்படலாம்தானே?
- ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: பெருமை கொஞ்சம் பொறுக்கட்டும். புறா வைத்தது உண்மைதான், 1663-ல், ராணி கேதரினுக்கு. அம்மையார் பிழைத்து 1705 வரை இருந்தார். வைத்தியத்துக்கு நல்ல பேர். (புறாவைக் கேட்டால் வேறு கதை சொல்லும்.)

இதைவிடப் பிரான்ஸ் சங்கதியைக் கேளுங்கள். ஆட்டு வயிற்றில் விளையும் 'பெசோவார்' கல் எந்த விஷத்தையும் முறிக்கும் என்று 16-ஆம் நூற்றாண்டில் பேச்சு. மன்னர் ஒன்பதாம் சார்லஸிடம் ஒன்று இருந்தது. அவருடைய அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே அதை நம்பவில்லை. வெள்ளித் தட்டு திருடிய சமையல்காரன் ஒருவன் தூக்குக்குக் காத்திருந்தான். "விஷம் குடி, கல்லையும் தருகிறோம், பிழைத்தால் உன் பாட்டுக்குப் போகலாம்" என்றார்கள். சரி என்றான். மணிக்கணக்கில் துடித்துச் செத்தான். படுபாதகம்தான். ஆனாலும் கல் வேலை செய்யுமா என்று ஒருவர் கேட்டுப் பார்த்தார் அல்லவா? (அதற்குப் பிறகும் கல் விற்றது, அது வேறு விஷயம்.)

ரத்தம் உறிஞ்சும் அட்டையை உடம்பில் விடும் வைத்தியமும் அப்படித்தான். நம் சித்த வைத்தியரும் விட்டார். பிரான்ஸ்காரர்கள் 1833-ல் மட்டும் நாலு கோடிக்கு மேல் இறக்குமதி செய்து, கண்ட நோய்க்கெல்லாம் விட்டார்கள். அட்டையின் எச்சில் ரத்தத்தை உறையவிடாது என்று 1884-ல் சோதனையில் தெரிந்தது. இன்று, துண்டான விரலை ஒட்டவைத்தபின் தேங்கும் ரத்தத்தை வடிக்க மருத்துவமனைகளிலேயே அட்டை விடுகிறார்கள்.

இப்போது நம்மூருக்கு வாருங்கள். மதுரைத் தெருவில் "கழுதப் பாலேய்..." என்று குரல் கேட்டதும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறோம். அங்கேயே கறந்து, ஒரு சங்கு, காய்ச்சாமல் அப்படியே புகட்டுகிறார்கள். சளி வராதாம், குரல் கணீரென்று இருக்குமாம். 1880-களில் பாரிஸ் மருத்துவமனை ஒன்றிலும் கழுதைகளைக் கட்டிவைத்து, பிள்ளைகளை நேரே மடியில் குடிக்கவிட்டார்கள். தாய்ப்பாலுக்கு ஓரளவு நெருங்கிய பால் என்பதும் மெய்யே. ஆனால் ஒரு சங்குப் பால் சளியை நிறுத்துமா என்று நம் வீட்டில் யார் கேட்டோம்? பச்சைப் பாலில் கிருமி இருக்கலாம் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று அரசு ஆஸ்பத்திரியில் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொல்லித்தான் அனுப்புகிறார்கள்.